நோட்டில் இருந்த இரண்டு ‘கல்’

1

இந்த மாதத்தோடு நான் அயர்லாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அங்கன என்ன வேலை பார்க்கிறாய்? நான் ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். பேச்சு எனக்கு எப்போதுமே மட்டு. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மனைவி மகேஸ்வரி நர்ஸ். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். இந்த நாட்டில் நர்சுகள் தேவைப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பரீட்சை எழுதி, முதலில் அவள் வந்தாள். ஆறு மாதம் கழித்து நானும் மூன்று வயது மகள் ஓவியாவும் வந்து சேர்ந்தோம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு மாடுதான். பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், என் அண்ணன் ராசுவோடு மலைமாடு மேய்த்தேன். மலைமாடு என்றால் கொட்டத்தில் கட்டிப்போட்டுப் பால் கறக்கிற மாடு இல்லை. கீழே வயல்களில் நடவு தொடங்கியதும் மந்தையாக மலைக்கு ஏறிவிடும். அறுப்பு முடிந்ததும் இறங்கி வந்து வெறும் வயலில் கிடை கிடக்கும். மந்தை படுத்து எழுந்த வயலுக்கு வேறு உரம் வேண்டியதில்லை.

வந்த புதிதில் பதிவு செய்வதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். மாடு என்று மகேஸ்வரி சொன்னாள். எத்தனை மாடு என்றார். அது எனக்கே புரிந்தது. முந்நூறு என்று நானே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். அது புரியவில்லை. புரியாத கேள்விக்கெல்லாம் நான் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன். தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மகேஸ்வரி உடனே குறுக்கே புகுந்து ஏதோ சொல்லிச் சரிசெய்தாள். வெளியே வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். “முந்நூறும் ஒங்க சொந்த மாடான்னு கேட்டாக. நீங்க ஆமான்னுட்டீக. இந்த நாட்டுல முந்நூறு மாடு வச்சிருந்தா ஜமீன்தாருங்க.”

நாங்கள் மேய்த்தவை ஊராருடைய மாடுகள். எங்களுக்கென்று அதில் இருந்தது பதினொன்று.

2

முதல் ஐந்தாறு வருடம் வீட்டுச் சமையல், ஓவியாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது, ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுவது என்று போயிற்று. போன வருடம்தான் ஊருக்கு வெளியே கடலோரத்தில் உள்ள பறவைகள் சரணாலயத்தில் வேலை கிடைத்தது. வேலி கட்டுவேன். பாதையை மறைக்கும் புதரை வெட்டுவேன். காலையில் கேட்டைத் திறந்து மாலையில் பூட்டுவேன். மார்ச்சில் சேர்த்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் அனுப்பிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க நான் வீட்டில் இருப்பேன். அதை ஈடுகட்ட மகேஸ்வரி ராத்திரி டியூட்டியும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். விடிந்து வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் தூங்கிப்போவாள்.

சரணாலயத்தின் பொறுப்பாளர் மேரியன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். எந்நேரமும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பேச்சு அருவி மாதிரி. என் பெயர் பால்பாண்டி என்று முதல் நாளே சொன்னேன். அவருக்குப் ‘பால்’ போதுமாக இருந்தது. இங்கே அது கிறிஸ்தவப் பெயர். அதனால் வாரம் ஒருவராவது என்னிடம் எந்தச் சர்ச்சுக்குப் போகிறேன் என்று விசாரிப்பார்கள்.

இந்த ஆகஸ்டில் மேரியன் என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னார். வருடம் முழுக்க உள்ள ஒரு வேலை காலியாகிறது. எனக்குத் தரலாம் என்று நினைக்கிறார். ஆனால் அந்த வேலையில் இருப்பவர், பார்க்க வருகிறவர்களை ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டிப் பேச வேண்டும். அக்டோபரில் வாத்துகள் வந்ததும் ஒரு சனிக்கிழமை நான் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் பின்னாலேயே வந்து பார்ப்பார். அதை வைத்துத்தான் முடிவு. ஒரு தாளையும் கொடுத்தார். அதில் அறுபது சொற்கள் இருந்தன.

அன்று வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மகேஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். இது கிடைத்தால் அவள் ராத்திரி டியூட்டியை விட்டுவிடலாம். இரண்டு பேருக்கும் தெரியும்.

3

வாத்தியார் வேலையை ஓவியா எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயது. பள்ளியில் இந்த வருடம் அவர்களுக்கும் இதே பாடம்தான்: உயிரினங்கள், அவை வாழும் இடம், எதை எது தின்னும், எது எங்கே இடம்பெயரும். தினமும் சாயங்காலம் சமையலறை மேசையில் வகுப்பு. அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். அவளுக்குத் தமிழ் புரியும். வாயில் வருவது குறைந்துகொண்டே போகிறது. வெளியே போனால் என்னிடம் தமிழில் பேசாதீர்கள் அப்பா என்று சொல்லியிருக்கிறாள்.

சொற்கள் கஷ்டமாக இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பொருள் எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தது, பெயர்தான் புதிது. ‘ஹாபிடட்’ என்றால் ஒரு உயிர் தங்கித் தின்று குட்டி போடுகிற இடம். ‘பிரிடேட்டர்’ என்றால் அடித்துத் தின்னும் மிருகம். எங்கள் மந்தையில் வருடம் நாலைந்து கன்றைச் செந்நாய் கொண்டுபோகும், எனக்கு அதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ‘ஜூவனைல்’ என்றால் குஞ்சுப் பருவம் தாண்டி இன்னும் முழுசாக வளராதது. ஓவியா அதை மூன்று நாள் சொல்லிக்கொடுத்தும் எனக்கு நிற்கவில்லை. கடைசியில் கிடாரி என்று வைத்துக்கொண்டேன். கன்றும் இல்லை, பசுவும் இல்லை. அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. கிடாரி, கிடாரி என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

‘மைக்ரேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். மலை ஏத்துறது, மலை இறக்குறது என்றேன். அது இரண்டு சொல்லாச்சே அப்பா, ஒரே சொல் வேண்டும் என்றாள். மகேஸ்வரி போனில் தேடி, வலசை என்று வாசித்தாள். யானை போகிற தடத்தை வனத்துறைக்காரர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாங்கள் வருடா வருடம் செய்ததும் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கஷ்டம் உச்சரிப்பில் இருந்தது. நமக்கு ஒரே ‘ப’. இவர்களுக்கு இரண்டு. ஒன்று மூச்சு விட்டுச் சொல்வது, இன்னொன்று வயிற்றிலிருந்து வருவது. மீன் ஒன்றின் பெயரும் மரம் ஒன்றின் பெயரும் என் வாயில் ஒரே ‘பெர்ச்’. ஓவியா ஒரு டிஷ்யூ காகிதத்தை என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். மீன் என்றால் காகிதம் பறக்க வேண்டும், மரம் என்றால் பறக்கக் கூடாது. என் மீனும் மரமும் சேர்ந்தே பறந்தன. அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

ஒரு நாள் அண்ணன் ராசு போன் செய்தபோது இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கனடாவின் வடகோடியிலிருந்து பனிக்கட்டிக்கு மேலே பறந்து வரும் வாத்து இங்கே உண்டு, அதன் பெயர் ‘பிரென்ட்’ என்றேன்.

“ஏலே, பிரெண்டா? வாத்துக்கு எப்படா நீ பிரெண்டான?”

நான் விளக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. “முந்நூறு மாட்டை மேச்சுப்புட்டு, வாத்து மேய்க்கவாடா அம்புட்டுத் தூரம் போன?”

4

மேரியன் சொல்வதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆங்கிலத்தில் எழுதுவதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். அதனால் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். எந்த வேலி, எந்த நாள், எந்த மருந்து, எல்லாம் அதில் இருக்கும்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, அவர் வேனைக் கிளப்பிக்கொண்டே ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டவை நாலு சொற்கள். வியாழக்கிழமை. கிழக்குப் பாதை. ஆட்கள். நாலாவது ஒரு சின்னச் சொல். நான் தலையை ஆட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘வியாழன், கிழக்குப் பாதை, ஆட்கள், கல்.’

மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ‘கல்’ என்பது அறுபது சொற்களில் ஒன்று. கடலோரம் கத்திக்கொண்டு திரியும் வெள்ளைப் பறவை. கையில் இருக்கும் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஓவியாவின் பாடத்தில் அதற்கு நேராகவும் ‘கல்’ என்றுதான் எழுதியிருந்தேன். சாதாரணக் ‘கல்’லுக்கு மேரியன் நாள் குறிப்பாரா? அபூர்வமான ஒன்று வரப்போகிறது போல, ஆட்கள் பார்க்க வருவார்கள், கிழக்குப் பாதையைத் திறந்து வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். மேரியன் அன்று முழுக்க ஆபீசில்தான் இருந்தார். இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

தினமும் வருகிற டெனிஸ் என்று ஒரு பெரியவர் உண்டு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. போன வருடத்திலிருந்தே அவர் வணக்கம் சொல்வார், நான் சிரிப்பேன். புதன்கிழமை நானாகப் போய் அவரிடம் பேசினேன். பேசிப் பழக வேண்டும் என்று மகேஸ்வரி சொல்லியிருந்தாள். நாளைக்குக் காலை, கிழக்குப் பாதை, ‘கல்’ என்றேன். என்ன மாதிரி ‘கல்’ என்று அவர் கேட்டார். மேரியன் சொன்னார் என்றேன். அவர் கண் விரிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வெள்ளைக்காரரிடம் நானாக ஒரு செய்தி சொன்னது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை விடியும்போது கிழக்கு கேட்டைத் திறந்துவிட்டேன். டெனிஸ் தன் நண்பர்களுக்கும் சொல்லியிருந்தார். ஏழு பேர் தொலைநோக்கியும் அதை நிறுத்துகிற முக்காலியுமாக வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

பத்து நிமிடம் கழித்து மேரியனின் வேன் தாறுமாறாக வந்து நின்றது. அவர் இறங்கி ஓடினார். ரப்பர் பூட்ஸில் அவ்வளவு வேகமாக ஒருவர் ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது.

கிழக்குப் பாதைக்குப் பின்னால் உள்ள மரக்கூட்டத்தில் மான்கள் பெருகி, கன்று நட்டதையெல்லாம் கடித்துவிடுகின்றன. அனுமதி வாங்கி அவற்றில் சிலவற்றைச் சுடுவதற்கு அன்று ஆட்களை வரவழைத்திருந்தார்கள். மேரியன் சொன்ன சொல், கூட்டத்தில் மிஞ்சியதைக் கழித்துக்கட்டுவது என்று பொருள்படுவது. ‘ப’வைப் போல ‘க’வும் இவர்களுக்கு இரண்டு: பறவைக்கு வயிற்றிலிருந்து வருவது, இதற்கு மூச்சு விட்டுச் சொல்வது. ஆட்கள் வராமல் கிழக்குப் பாதையைப் பூட்டி வை என்பதுதான் அவர் சொன்னது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முக்காலிகளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, தோட்டாவைக் கழற்றிவிட்டு, மேரியனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மானுக்கும் ஆகவில்லை.

5

ஆபீசில் மேரியன் எதிரே உட்கார்ந்தேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார், நான் சொன்னதை என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள் என்று.

நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பறவையை எப்படி எழுதுவீர்கள் என்றார். கல் என்று எழுதிக் காட்டினேன். கழிப்பதை எப்படி எழுதுவீர்கள் என்றார். அதன் கீழே மறுபடியும் கல் என்று எழுதினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் மொழியில் இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்றார். தரையில் கிடப்பது, எறிவது என்றேன். அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “எழுத்தில் தப்பு இல்லை, பால். நான் சொன்னதும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அதுதான் தப்பு.”

நான் தலையை ஆட்டினேன்.

“பாருங்கள், இப்போதும் ஆட்டுகிறீர்கள். அது ஆமாவா இல்லையா என்றே எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. இனிமேல் தலை வேண்டாம். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். பத்துத் தடவை கேளுங்கள்.”

வேலை போய்விட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னபோது மகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அது வருவது அபூர்வம். “அறுவது வார்த்த படிச்சீக. ‘என்ன சொன்னீங்க’ன்னு ஒரு வார்த்த கேக்க முடியலையா? நானும் மொத வருசம் டாக்டர் சொன்னது புரியாம நின்னவதான். கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன். கேக்காமப் போயிருந்தா ஒரு உசுரு போயிருக்கும்.” பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள். கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள்.

அன்றிலிருந்து நோட்டில், வயிற்றிலிருந்து வருகிற எழுத்துக்கெல்லாம் அடியில் ஒரு கோடு போடுகிறேன். கோடு போட்ட கல் பறவை, கோடு இல்லாதது துப்பாக்கி. கோடு போட வேண்டும் என்றால் எந்தச் சத்தம் என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டும் என்றால் கேட்க வேண்டும். முதல் வாரம் மேரியனிடம் கேட்கப் போகும்போதெல்லாம் காது சுட்டது. இரண்டாவது வாரம் ஒரு காதுதான் சுட்டது.

6

வாத்துகள் அக்டோபர் முதல் வாரத்திலிருந்து இறங்கத் தொடங்கின. கறுப்புக் கழுத்தும் வெளுத்த வயிறுமாக, நம்மூர் வாத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வந்ததும் சேற்றில் முளைக்கும் கடற்புல்லில் தலையை விட்டால் நிமிர்வதில்லை. அவ்வளவு தூரம் பறந்த பசி. கடற்புல் தீர்ந்தால் ஓவியாவின் பள்ளி மைதானத்துப் புல்லுக்கே வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். டெனிஸும் வந்திருந்தார். இன்றைக்குத் துப்பாக்கி உண்டா பால் என்று கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார். மேரியன் கடைசியில் நின்றார். அவருக்கும் பின்னால், எனக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் போல, மகேஸ்வரியும் ஓவியாவும் நின்றார்கள். அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது ஓவியாவின் ஏற்பாடு.

தொடக்கம் மோசமில்லை. மனப்பாடம் செய்தது வந்தது. கனடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, இங்கே. சேறு எதற்கு, புல் எதற்கு. பிறகு வாத்துக் கூட்டத்துக்கு எதிரே வந்ததும், இறக்கையில் வெள்ளை வரி இருப்பவை இந்த வருடம் பிறந்தவை என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் இல்லை. இருந்த இடமே காலியாக இருந்தது. இருபத்திரண்டு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கை விரலை நீட்டியபடியே நின்றேன்.

“அப்பா, கிடாரி!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் குனியவில்லை.

“ஜூவனைல்” என்றேன். அதற்குப் பிறகு நிற்காமல் வந்தது.

முடியும் நேரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஓர் அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. ஒன்றும் புரியவில்லை. என் தலை தானாக அசையப் பார்த்தது, கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன். மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். பாதிதான் புரிந்தது. இன்னொரு தடவை, மெதுவாக என்றேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்த இளசுகளுக்கு வழி எப்படித் தெரியும், யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அது தாளில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். முதல் வருடம் அம்மா பக்கத்திலேயே வரும் என்றேன். எங்கள் ஊரில் நான் மாடுகளை மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். கன்று முதல் தடவை தாயின் வயிற்றை ஒட்டியே நடக்கும். எங்கே தண்ணீர், எங்கே பள்ளம், எல்லாம் பார்த்துக்கொள்ளும். அடுத்த வருடம் அது முன்னால் போகும், நாங்கள் பின்னால் போவோம். இதுவும் அப்படித்தான். வாத்து குடும்பமாகப் பறந்து வரும், குடும்பமாகத் தின்னும். பாருங்கள், அங்கே இரண்டு பெரியது, மூன்று வெள்ளை வரி.

எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். மஞ்சள் தொப்பி அம்மாள், எத்தனை மாடு என்று கேட்டார். முந்நூறு, என்னுடையது பதினொன்று என்றேன்.

ஆட்கள் போன பிறகு மேரியன் என்னிடம் வந்தார்.  அந்த அம்மாளிடம் இரண்டு தடவை மறுபடி கேட்டீர்கள், நான் எண்ணினேன் என்றார். பிறகு, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள், கையெழுத்துப் போட வேண்டும், இனி சீசன் கணக்கு கிடையாது, வருடம் முழுக்க என்றார். வழக்கம்போல வேகமாகத்தான் சொன்னார்.

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்திருந்தது. நாலடி தள்ளி மகேஸ்வரி ஓவியாவின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“மன்னிக்கவும்” என்றேன். “மறுபடி சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.”